காலிமுகத்திடல்: இரண்டரை மணி நேரத்தில் மாணவர்களுக்கு எதைக் காட்டுவது?

மட்டுநகர்_ஆசிரியர்:

ஒகஸ்ட் விடுமுறையில் தரம் 9 மாணவர்கள் 38 பேரைக் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிச் செல்கிறோம். முதல் நாள் மாலை 4 மணியிலிருந்து 6.30 வரை காலிமுகத்திடலுக்கு ஒதுக்கியிருக்கிறோம். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு ஒப்படையும் எழுத வேண்டும், பிள்ளைகளுக்குப் பொழுதும் போக வேண்டும். இணையத்தில் தேடினால் "பிரித்தானியர் காலத்தில் அமைக்கப்பட்ட அழகிய கடற்கரைப் பூங்கா, சூரிய அஸ்தமனம் பார்க்கலாம்" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. தெரிய வேண்டியவை:

1. வரலாறு ஒழுங்காக, ஆண்டுகளோடு. நின்று காட்டக்கூடிய இடங்களோடு சொன்னால் இன்னும் நல்லது.
2. பட்டம் விடலாமா? பாதுகாப்பு எப்படி?
3. இறால் வடை வாங்கிக் கொடுப்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?
4. கடலில் இறங்க விடலாமா?

கோட்டைவாசல்:

சேர், முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். திடலுக்குள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 5 ஹெக்டெயர் புல்வெளி, அரைக் கிலோமீற்றர் நீளம், கடலோரமாக ஒரு நடைபாதை, அவ்வளவுதான். பூமரமும் பாத்தியும் தேடிப் போனால் ஏமாற்றம். அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதுதான் அதன் வரலாறு. பிள்ளைகளை நடுவில் நிறுத்தி நான்கு பக்கமும் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒப்படை பாதி முடிந்துவிடும்.

கொழும்பு 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு வந்தது. கோட்டையின் தெற்கு வாசல் காலிக்குப் போகும் பாதையைப் பார்த்தது. அந்த வாசலுக்கு எதிரே கட்டடமோ மரமோ இருந்தால் எதிரி ஒளிந்து நெருங்கி வந்துவிடுவான், பீரங்கிக்கும் குறி மறைந்துவிடும். அதனால் வெட்டையாகவே வைத்திருந்தார்கள். 1796இல் பிரித்தானியர் வந்தபோது இந்த வெறும் நிலம் அப்படியே அவர்களுக்குக் கிடைத்தது.

1820களில், தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், இங்கே குதிரைப் பந்தயம் தொடங்கியது. அப்போது திடல் இப்போதைய அளவு அல்ல. காலி வீதிக்கு அந்தப் பக்கம் பேரை வாவியை நோக்கியும் பரந்து கிடந்தது. தாஜ் சமுத்ரா ஹோட்டல் நிற்பது அந்தப் பழைய திடலின் மேல்தான். பந்தயம் பார்க்கக் கட்டிய மண்டபம் பிறகு கொழும்பு கிளப் ஆனது, இன்றும் அந்த ஹோட்டல் வளவுக்குள் இருக்கிறது. 1893இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. கோல்ஃபும் இங்குதான் தொடங்கி 1896இல் பொரளைப் பக்கம் போனது. றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸுக்கும் இடையிலான முதலாவது கிரிக்கெட் போட்டி 1879இல் நடந்ததும் இந்த மண்ணில்தான். பையன்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள், மற்றதெல்லாம் மறந்தாலும் இது நிற்கும்.

பொதுமக்கள் உலாவும் இடமாக அதை ஆக்கியவர் தேசாதிபதி ஹென்றி வார்ட். 1856இல் நடைபாதை வேலை தொடங்கி 1859இல் முடிந்தது. கடலோர நடைபாதையில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலன் கருதி இந்த உலாவிடத்தைத் தமக்குப் பின் வருவோர் பேண வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். கல் சிறியது, விசாரிக்காமல் போனால் தவறவிடுவீர்கள். 1858இல் இலங்கையின் முதலாவது ரயில் பாதைக்கு மண் வெட்டித் தொடக்கி வைத்தவரும் இவரே.

நடக்கும் வழி: வடக்கே தொடங்கித் தெற்கே முடியுங்கள்.

வடக்கு முனையில் தூண்கள் வரிசையாக நிற்கும் கட்டடம் பழைய பாராளுமன்றம். 1930 ஜனவரியில் திறந்தார்கள். 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போனது. இப்போது அது ஜனாதிபதி செயலகம். தூரத்தில் நின்று படம் எடுக்கலாம், வாயிலில் நிற்கும் காவலரைக் குறிவைத்து எடுக்க வேண்டாம். ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், அனுமதியில்லாமல் முடியாது.

அதே முனையில் கடல் பக்கம் திரும்பினால் துறைமுக நகரம். 2014 செப்டெம்பரில் தொடங்கி, கடலடி மணலைத் தோண்டிக் கொட்டி 269 ஹெக்டெயர் நிலம் எடுத்தார்கள். மணல் நிரப்பும் வேலை 2019 ஜனவரியில் முடிந்தது. திடல் 5, இது 269. கணக்குப் பாடத்துக்கும் உதவும்: எத்தனை மடங்கு என்று அங்கேயே கேளுங்கள். வடமேற்கில் வெறும் கடல் தெரிந்த இடத்தில் இன்று நிலம்.

தெற்கு முனையில் கோல்ஃபேஸ் ஹோட்டல், 1864. சுயெஸ் கால்வாய் திறந்தது 1869இல், அதற்கும் முந்தியது. கிழக்கே வீதிக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடங்கள் 2017க்குப் பிந்தியவை. அங்கே முன்பு இராணுவத் தலைமையகம் இருந்தது.

நூலகத்தான்:

கோட்டைவாசல் அண்ணர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கிரிக்கெட்டோடு நிறுத்திவிட்டார். மட்டக்களப்பிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 1956ஐச் சொல்லாமல் இந்தத் திடலைக் காட்ட முடியாது.

1956 ஜூன் 5. சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் சட்டமூலம் அன்றுதான் பாராளுமன்றத்துக்கு வந்தது. தமிழரசுக் கட்சியினர் செல்வநாயகம் தலைமையில் பாராளுமன்றத்துக்கு எதிரே, இதே புல்லில், சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் வந்து தாக்கியது. கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கத்துக்குத் தலையில் காயம், கட்டுப் போட்டுக்கொண்டு அவைக்குள் போனார். அன்று கொழும்பில் தொடங்கிய வன்முறை அடுத்த நாட்களில் கல்லோயா வரை பரவியது. உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்கதை அது. நிற்கவேண்டிய இடம் வடக்கு முனை: பழைய பாராளுமன்றத்தின் படிகளைப் பார்த்தபடி புல்லில் நின்றால், அன்று வெளியே இருந்தவர்களுக்கும் உள்ளே சட்டமூலத்தை விவாதித்தவர்களுக்கும் இடையே எவ்வளவு குறைந்த தூரம் என்பது கண்ணுக்குத் தெரியும். புத்தகம் படித்து அது புரியாது.

அதே முனையில் 66 ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 9இல், கூடாரங்கள் எழுந்தன. எரிபொருள் வரிசை, மின்வெட்டு, பால்மாத் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து மக்களை அங்கே இறக்கிய காலம். 'கோட்டா கோ கம' ('கோட்டா போ' ஊர்) என்று பெயர் வைத்து நூலகம்கூட அமைத்தார்கள். அந்த ஆண்டு மே 18இல் அங்கேயே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து நினைவுகூர்ந்தார்கள். 1956ஐ அறிந்தவருக்கு அது சாதாரண காட்சியல்ல. ஜூலை 14இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார், 22 அதிகாலை படையினர் முகாமை அகற்றினார்கள். இன்று போனால் அதற்கு அடையாளமாக ஒன்றும் கண்ணில் படாது. முன்கூட்டியே இரண்டு மூன்று பத்திரிகைப் படங்களை அச்சிட்டு எடுத்துப் போங்கள், அதே இடத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டலாம்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சேருங்கள். 1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் இங்கேதான் ஜோசப் வாஸ் அடிகளை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் இதே திடலில் அவரைப் புனிதராக்கினார். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து வேடமிட்டு வந்து யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து பணி செய்தவர் அவர். ஒல்லாந்தர் பீரங்கிக்காக வெறுமையாக வைத்த நிலத்திலேயே அவருக்குப் புனிதர் பட்டம். வரலாறு சில வேளை இப்படியும் கணக்குத் தீர்க்கும்.

வால்பட்டம்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஒகஸ்ட் நல்ல காலம். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து கரைக்கு, இடையில் தடையே இல்லாமல், ஒரே சீராக வரும். ஆனால் பட்டம் கிழக்கே, அதாவது காலி வீதிப் பக்கமாகப் போகும். சிக்கல் அங்கேதான். திடலின் அகலம் சராசரியாக 100 மீற்றர்தான். கடலோர நடைபாதையை ஒட்டி நின்று 80 மீற்றர் நூல் விட்டால், 45 பாகையில் பட்டம் ஏறத்தாழ 57 மீற்றர் கிழக்கே இருக்கும். காற்று தளர்ந்து கீழே வந்தாலும் புல்லிலேயே விழும். 150 மீற்றர் விட்டால் ஓடும் பஸ்ஸின் மேல் விழும். எனவே ஒரு பட்டத்துக்கு 80 மீற்றர் நூல், அதற்கு மேல் கொடுக்கவே வேண்டாம். 80இல் சிவப்பு நூலால் அடையாளம் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

அங்கே விற்கும் பொலித்தீன் பட்டங்கள் மலிவு. வாங்கினால் மூன்றைப் பாருங்கள்:

ஒன்று, குறுக்குத் தடி. இரண்டு பக்கமும் ஒரே அளவு வளைகிறதா? நடுவில் பிடித்து இரு முனையையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் பட்டம் எப்போதும் அந்தப் பக்கமே சரியும், எத்தனை வால் கட்டினாலும் தீராது.

இரண்டு, முச்சை, அதாவது பறக்கவிடும் நூலைப் பட்டத்தோடு இணைக்கும் நூல்கட்டு. பட்டம் ஏறாமல் இழுத்துக்கொண்டே நின்றால், அல்லது நூல் தெறிக்கும் போல இருந்தால், முச்சையின் முடிச்சை மேல் தலைப் பக்கமாக ஒரு சென்ரிமீற்றர் நகர்த்துங்கள். காற்று பலமென்றால் மேலே, மெலிவென்றால் கீழே. ஒரேயடியாக மூன்று நான்கு சென்ரிமீற்றர் நகர்த்தினால் காற்றைப் பிடிக்காமல் படபடத்து விழும்.

மூன்று, வால். கிறுகிறுவென்று சுற்றினால் வால் போதாது. பட்டத்தின் நீளத்தைப்போல் ஐந்திலிருந்து ஏழு மடங்கு, துணிக்கீற்று என்றால் விரல் அகலம். ஒகஸ்ட் காற்றுக்குக் கடைக்காரர் கட்டித் தரும் வால் பெரும்பாலும் குட்டைதான்.

மாஞ்சா நூலுக்குக் கண்டிப்பாக இடமில்லை. கூட்டத்துக்குள் கண்ணாடித்தூள் பூசிய நூல் கழுத்தை அறுக்கும். சாதாரண நைலோன் நூலும் இழுபடும்போது கையை வெட்டும், அதனால் நூலை வெறுங்கையால் பிடித்து இறக்க வேண்டாம். ஒருவர் உருளையில் சுற்ற, மற்றவர் பட்டத்தை நோக்கி நடந்து நூலைத் தளர்த்த வேண்டும். 38 பேருக்கு ஆறு பட்டம் போதும், ஒவ்வொன்றுக்கும் இடையே 15 மீற்றர் இடைவெளி. அதற்கு மேல் விட்டால் நூல் சிக்கெடுப்பதிலேயே பொழுது போய்விடும்.

டிசெம்பர், ஜனவரியில் வருவோருக்கும் ஒரு சொல்: அப்போது காற்று நிலப் பக்கமிருந்து வரும். கிழக்கே நிற்கும் உயர்ந்த கட்டடங்களைத் தாண்டும்போது அது உடைந்து சுழலும். பட்டம் ஏறிய பிறகு திடீரென்று குத்துக்கரணம் அடித்தால் பட்டத்தைக் குறை சொல்லாதீர்கள்.

அடுப்படி:

இறால் வடைக்கு வருவோம், சேர். முதலாவது கேள்வியாக நீங்கள் கேட்டிருக்க வேண்டியது: பிள்ளைகளில் யாருக்காவது இறால், நண்டு ஒவ்வாமை இருக்கிறதா? இருந்தால் அவர்களுக்குப் பருப்பு வடையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். தள்ளுவண்டியில் ஒரே தாச்சி, ஒரே எண்ணெய். இறாலைப் பொரித்த எண்ணெயில்தான் பருப்பு வடையும் வேகும். மரக்கறி மட்டும் உண்போருக்கும் இதே கதை. அவர்களுக்கு அவித்த சோளம், வறுத்த கடலை, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், அன்னாசி என்று வேறு நிறைய இருக்கிறது.

வாங்கும்போது கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்ததை எடுக்காதீர்கள். அது முன்பே பொரித்தது, கேட்டால் திரும்பவும் எண்ணெயில் போட்டுச் சூடாக்கித் தருவார்கள். இறால் றப்பர் மாதிரி ஆகிவிடும். 38 பேர் என்றால் மொத்தமாகச் சொல்லி, புதிதாகப் பொரிக்கச் சொல்லலாம், வியாபாரி மறுக்கமாட்டார். எண்ணெயை எட்டிப் பாருங்கள். தேயிலைச் சாயம்போல் கறுத்து, வடை போடும்போது நுரை பொங்கி அடங்காமல் நின்றால் அடுத்த வண்டிக்கு நகருங்கள். இறாலின் தலை வடையைவிட்டுக் கறுத்துத் தொங்கினாலும் அப்படியே. மேலே போடும் வெங்காயம், தக்காளி, மிளகாய்ச் சம்பலை வெயிலில் திறந்து வைத்திருந்தால் அது வேண்டாம் என்று சொல்லி வடையை மட்டும் வாங்குங்கள்.

ஊருக்குப் போய்ப் பாடசாலையில் செய்து பார்க்க விரும்பினால், 15 வடைக்கு அளவு: மைசூர்ப் பருப்பு 250 கிராம், ஒரு மணித்தியாலம் ஊறினால் போதும். வடிதட்டில் கால் மணித்தியாலம் விட்டு நீரை முற்றாக வடிக்கவும். இந்தக் கால் மணித்தியாலம் பொறுக்காதவருக்குத்தான் வடை எண்ணெயில் கரையும். முக்கால் பங்கைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, மீதிக் கால் பங்கு பருப்பை முழுதாகவே சேர்க்கவும். சின்ன வெங்காயம் 100 கிராம், பச்சைமிளகாய் 4, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு. இறால் சிறியதாக 30, வடைக்கு இரண்டு. ஓட்டோடுதான், கால்களையும் தலையின் கூர்முனையையும் கத்தரித்துவிட்டு, துணியால் ஈரம் ஒற்றி, மஞ்சள் உப்புப் பிரட்டவும். ஈரத்தோடு வைத்தால் எண்ணெய் தெறிக்கும், இறாலும் கழன்று போகும். கையில் தட்டையாகத் தட்டி, இறாலைப் பாதி ஆழம் புதையும்படி அழுத்தவும். எண்ணெய் 170 பாகை செல்சியஸ் அளவில் இருக்கட்டும், சிட்டிகை மாவைப் போட்டால் உடனே மேலெழ வேண்டும். மூன்று நான்கு நிமிடம், ஒரு தடவைதான் திருப்புவது.

மட்டுநகர்_ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வாமை விடயம் மனதிலேயே வரவில்லை, பெற்றோருக்கு அனுப்பும் படிவத்தில் சேர்த்துவிட்டேன். 1956ஐயும் வடக்கு முனையில் வைத்தே சொல்லுவோம். கடலில் இறங்குவது பற்றியும், பஸ் நிறுத்துவது பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. இன்னொன்று: படங்களில் சில ஆண்டு புல் பச்சையாக, சில ஆண்டு வெறும் மண்ணாக இருக்கிறதே, ஏன்? விஞ்ஞானப் பாட ஆசிரியர் கேட்கிறார்.

உப்புக்காற்று:

கடலில் இறக்க வேண்டாம். காலிமுகத்திடல் குளிக்கும் கடற்கரை அல்ல. மதிலுக்குக் கீழே பாறாங்கல், அதற்குக் கீழே ஒடுங்கிய மணல். மே முதல் செப்டெம்பர் வரை அலை மதிலில் அடித்து நடைபாதைக்கே தெறிக்கும். அடித்த அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும், முழங்கால் ஆழத்திலேயே ஆள் விழுவது அப்படித்தான். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை, ஆதலால் "வற்றும்வரை பொறுத்து இறங்குவோம்" என்ற கணக்கும் இங்கே செல்லாது. கால் நனைத்தே ஆகவேண்டும் என்றால் இன்னொரு நாள் கல்கிசைக்குக் கூட்டிப் போங்கள். அங்கும் ஒகஸ்டில் கடல் கடினம், கரையோடு நிறுத்த வேண்டும்.

பஸ்: காலி வீதியோரம் நிறுத்தி வைக்கலாம் என்று நம்பி வராதீர்கள். வடக்குப் பக்கம் இறக்கிவிட்டு, 6.30க்குத் தெற்கே ஹோட்டல் பக்கம் வந்து ஏற்றச் சொல்லுங்கள், கோட்டைவாசல் சொன்ன நடைக்கும் அது பொருந்தும். சொந்த பஸ் இல்லாமல் வருபவர்களுக்கு: கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஒன்றரைக் கிலோமீற்றர், அல்லது புறக்கோட்டையில் 100 (பாணந்துறை), 101 (மொறட்டுவை) பஸ் எடுத்தால் திடலிலேயே இறங்கலாம். மலசலகூடத் தேவையை வருமுன்பே முடித்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் வீதிக்கு அப்பால் உள்ள பெரிய கடைத்தொகுதிதான், 38 பேரையும் வீதி கடத்துவது லேசான வேலை அல்ல.

4 மணிக்கு நிழல் என்று ஒரு துண்டும் இருக்காது. மேற்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். தொப்பி, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். வரலாற்றுப் பகுதியை 4.45 வரை தள்ளிப்போட்டு, முதலில் பட்டம் என்று வைத்தால் யாரும் முணுமுணுக்கமாட்டார்கள். ஒகஸ்ட் நடுப்பகுதியில் சூரியன் 6.20ஐத் தாண்டித்தான் மறையும், உங்கள் நேரத்துக்குள் வந்துவிடும். மாலையில் பெரிய கம்பத்திலிருந்து தேசியக் கொடியை இறக்குவதையும் பார்க்கலாம்.

இனிப் புல். மூன்று காரணம், மூன்றும் ஒன்றையொன்று கூட்டும். முதலாவது மிதி. ஆயிரக்கணக்கான கால்களும் மேடை அமைக்கும் லொறிகளும் மண்ணை இறுக்கும். இறுகிய மண்ணில் காற்றிடைவெளி குறையும், வேருக்கு ஒட்சிசன் போகாது, மழைநீரும் உள்ளே இறங்காமல் மேலே தேங்கும். இரண்டாவது உப்பு. பருவக்காற்றில் அலைத்தூவல் நேரே புல்லில் படியும். மழை பெய்தால் உப்பு கழுவுப்பட்டு ஆழத்துக்குப் போகும், ஆனால் மண் இறுகியிருந்தால் போகாது. வறண்ட மாதங்களில் மேற்பரப்பிலேயே செறிந்து வேரிலிருந்து நீரை வெளியே இழுக்கும், பிரசாரணப் (சவ்வூடு பரவல்) பாடம் அப்படியே கண் முன்னால். மூன்றாவது புல் வகை. அறுகும், அகன்ற இலை பஃபலோ புல்லும் உப்பைத் தாங்கும். வீட்டு முற்றத்தில் போடும் மலேசியன் புல் தாங்காது, கடலோரத்தில் பதித்தால் விளிம்பிலிருந்து பழுப்பேறிக் காயும்.

திருத்துவதென்றால் புதுப்புல் பதிப்பது கடைசி வேலை. முதலில் அந்தத் துண்டை வேலியிட்டு மிதியை நிறுத்த வேண்டும். 8 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டு, துளைகளுக்குள் உப்பில்லாத ஆற்று மணலை நிரப்ப வேண்டும். பிறகு நன்னீரை மண் ஊறி வடியும்வரை விட வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு வேர் மட்டத்திலேயே நின்றுவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டு விழாவுக்கு முதல் வாரம் புற்றட்டைகளை விரித்தால் படத்தில் பச்சையாக இருக்கும், இரண்டு மாதத்தில் பழையபடி மண்.

விஞ்ஞான ஆசிரியருக்கு ஒரு செய்முறை: இரண்டு வெற்று டின்களின் அடியை வெட்டி எடுத்து வரச் சொல்லுங்கள். ஒன்றை நடைபாதை ஓரத்து மிதிபட்ட மண்ணிலும், மற்றதை ஆள் குறைவாக நடக்கும் புல்லிலும் 2 சென்ரிமீற்றர் அழுத்தி, இரண்டிலும் 200 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றி, வடிய எடுக்கும் நேரத்தைக் கைப்பேசியில் அளக்கலாம். மண் இறுகிய இடத்தில் டின் இறங்காவிட்டால் தட்டி இறக்க வேண்டாம், விளிம்பைச் சுற்றி ஈரக்களி பூசி ஒட்டினால் போதும். களியை ஊரிலிருந்தே பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவாருங்கள், அங்கே கிடைக்காது.